இரண்டு நாள் நிற்காத கான்கிரீட்

என்னிடம் ஒரு தந்தியின் நகல் இருக்கிறது. ஆங்கிலத்தில் நான்கே சொற்கள்: தகப்பனார் கவலைக்கிடம், உடனே புறப்படு. முத்திரையில் மே மாதம் என்பது மட்டும் தெளிவு. நாள் பதின்மூன்றாகவோ பதினெட்டாகவோ இருக்கலாம், ஆண்டு அழிந்துவிட்டது. அனுப்பியவர் ஆரம்பாக்கத்தில் இருக்கும் ஓர் அண்ணன். பெற்றுக்கொண்டவர், தில்லியில் தாமரை வடிவக் கோயில் கட்டுமானத்தில் கான்கிரீட் வார்ப்புக்குப் பலகை அடைக்கும் சென்ட்ரிங் தச்சராக இருந்த அவர் தம்பி.

தம்பி இரண்டு நாள் கழித்தே ரயிலேறினார். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடைசி வரை சின்னவனைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம் தகப்பனார். அதன்பின் எந்த ஆண்டும் திதிக்குத் தம்பியை அண்ணன் அழைக்கவில்லை.

அண்ணனும் நானும் கும்மிடிப்பூண்டியில் ஒரே தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். நான் பழைய தாள்களையும் தேதிகளையும் சேர்த்துவைப்பது அவருக்குத் தெரியும். போன மாதம் வீட்டுக்கு வந்தார்.

"ரெண்டு நாளு கான்கிரீட் ஓடுச்சி, சாரத்துலேர்ந்து எறங்க வுடலன்றான் சார். கோயில் கட்ற எடத்துல, பெத்தவன் சாவக் கெடக்கிறான்னா வுட மாட்டாங்களா? ஊர் சுத்திக்கினு இருந்திருப்பான். நீங்க பார்த்துச் சொல்லுங்க. நெசம்னா இந்த வருசம் கூப்டறேன்."

மூன்று வாரம் படித்தேன். பஹாய் சமயத்தாரின் வழிபாட்டு இல்லம் உலகில் எங்கிருந்தாலும் ஒன்பது பக்கம் கொண்டிருக்க வேண்டும். உள்ளே சிலை கிடையாது, பிரசங்கம் கிடையாது. தில்லியில் உள்ள அந்தத் தாமரைக் கோயில் 1986 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஒன்பது ஒன்பதாக மூன்று வரிசை, மொத்தம் இருபத்தேழு இதழ்கள். வெளிப்புறத்தில் கிரேக்க நாட்டுச் சலவைக்கல் பதித்தார்கள். உட்புறம் வெள்ளை கான்கிரீட் அப்படியே தெரியும். நிறுத்தித் தொடர்ந்தால் இணைப்புக் கோடு விழும் என்பதால் ஓர் இதழை ஒரே மூச்சில், ஏறக்குறைய நாற்பத்தெட்டு மணி நேரம், வார்த்திருக்கிறார்கள். கோடையில் கலவைக்கு ஐஸ் சேர்த்தார்கள். கூடைகளைத் தலையில் சுமந்து பெண்கள் சாரத்தில் ஏறினார்கள்.

பிறகு திருநின்றவூருக்குப் போய்த் தம்பியைப் பார்த்தேன். தந்தியைக் கொடுத்தவர் அவர்தான். கலவையின் பாரத்தில் பலகை பிதுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது தச்சர்களின் வேலை என்றார்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். இரண்டு நாள் கணக்கு பொருந்துகிறது. ஆனால் அந்த மே மாதத்தில் எந்த இதழை வார்த்தார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

"செலையே இல்லாத கோயிலுக்கு ஒம்போது பக்கம். இன்னா கோயிலோ!" என்றார். பிறகு, "நடுவுல நிறுத்தக் கூடாதுன்றது நெசந்தானா?" என்று கேட்டார்.

"நிஜம்."

போனை எடுத்தார். "வர்ற வெள்ளிக்கெழம நைனாக்குத் திதி. வந்துடு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். படையல் முடிந்து காக்கைக்குச் சோறு எடுக்கும் நேரம். தம்பி எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லிடறேன். எறங்க வுடலன்னு சொன்னது பொய். சூப்பர்வைசர் போடான்னுதான் சொன்னாரு. நாந்தான் போவல. என் பக்கத்துப் பலக லேசா பிதுங்கிக்கினு இருந்துச்சி. வுட்டுட்டு எறங்க மனசு வரல. நைனா இருப்பாருன்னு நெனச்சிட்டேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தேடித் தந்த விவரத்தை நம்பித்தான் இந்த அழைப்பே போயிருந்தது.

அண்ணன் இலையில் சோற்றைப் பிசைந்து எடுத்தார். "இத்தினி வருசம் கயிச்சி சொல்றான் பாரு, தொர!" என்றார். பிறகு இலையைத் தம்பியிடம் நீட்டினார். "நீ போய் வையி. காக்கா எம்மா நேரம் காத்துக்கினு கெடக்கும்?"

தம்பி மாடிப்படி ஏறினார். அண்ணன் அவர் பின்னாலேயே போனார்.

என் குறிப்பேட்டில் 'இறங்க அனுமதி இல்லை: தம்பி கூற்று' என்று எழுதியிருந்தேன். அதை அடிக்கவில்லை. கீழே 'அனுமதி இருந்தது: அதே தம்பி கூற்று' என்று சேர்த்தேன். மேற்பார்வையாளரின் பெயர் தம்பிக்கு நினைவில்லை; அன்றைய வருகைப் பதிவும் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டில் எது உண்மை என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.