போகும்போது பாய், வரும்போது கழி

தெப்பத்தில் ஏறுவதற்கு முன் தவசிமுத்து ஒரு காரியம் செய்வார். தண்ணீரோரம் குத்த வைத்து உட்கார்ந்து, இரண்டு விரல்களை நனைத்து, ஈரத்தை முதலில் இடது காது மடலில் தடவுவார். பிறகு வலது காதில். கடுக்கன் துளை வரைக்கும் நன்றாகத் தேய்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். எந்தக் காது முதலில் சில்லிடுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது. புளிய இலைகூட அசையாத நேரத்திலும் ஈரக்காது சொல்லிவிடும். அப்புறம் துண்டின் நுனியால் இரண்டு காதையும் துடைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவர் போல எழுந்து கழியை எடுப்பார். யாராவது பார்த்துவிட்டால் காதுக்குள் எறும்பு போய்விட்டது என்பார்.

மம்சாபுரத்துக்கு மேற்கே இருந்த அந்தக் கண்மாயில் வருஷத்துக்கு மூன்று நான்கு மாதம்தான் தெப்பம் ஓடும். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் தென்கோடியிலிருந்த கலுங்குக் கற்களின் மேல் வழிய ஆரம்பித்ததும், மலையடிவாரத்து ஆலடிக்குடிக்குப் போகிற வண்டிப்பாதை தண்ணீருக்குள் மறைந்துவிடும். இரண்டு பக்கமும் ஓடை இழுக்கும். அக்கரையில் இருப்பவர்களுக்கு உப்பு வேண்டும், மருத்துவச்சி வேண்டும், சீவில்லிபுத்தூர்ச் சந்தை வேண்டும். அதனால் மரங்களை அடுக்கி, மூங்கில் குறுக்குப் போட்டுக் கட்டிய இரண்டு தெப்பங்களை ஊர் ஓட்டியது. தெருவுக்கு ஒரு ஆள் வரவேண்டும். கூலி கிடையாது, கேட்கவும் கூடாது. தை அறுப்பு முடிந்து தண்ணீர் இறங்கியதும் கயிறுகளை அவிழ்த்து, மரங்களைப் புளியமரத்தடியில் அடுக்கிவிட்டு, அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

தவசிமுத்துவின் பிழைப்பு பஞ்சு வண்டி. ராஜபாளையத்திலிருந்து விருதுபட்டிக்கு ஏற்றிக்கொண்டு போவார். பஞ்சுப் பேட்டையில் கணக்கப்பிள்ளை அவரை “ஏலே, மூணாவது வண்டி” என்றுதான் கூப்பிடுவான். வெயில் காலம் முழுக்க அவர் மூணாவது வண்டியாகவோ ஏழாவது வண்டியாகவோ இருப்பார். மழை விழுந்து கலுங்கு சத்தம் கேட்டதும் தவசிமுத்து ஆகிவிடுவார்.

ஏனென்றால் பெரிய தெப்பத்தின் பின்கழி அவருடையது. முன்னால் எத்தனை பேர் கழி போட்டாலும், தெப்பம் எங்கே போகவேண்டும் என்று தீர்மானிப்பது பின்னால் நிற்பவன் கை. கார்த்திகைக் கடைசிச் செவ்வாயில் அக்கரையிலிருந்த காளிக்கு ஊரே பொங்கல் பானைகளைத் தெப்பத்தில் ஏற்றிக்கொண்டு போகும். அன்றைக்குப் பின்கழி போடுபவருக்கு நாட்டாமை கோடித் துண்டைத் தலையில் கட்டிவிடுவார். அதுவரை பின்கழி போட்ட தாய்மாமன் செத்த வருஷத்திலிருந்து அந்தத் துண்டு தவசிமுத்து தலையில்தான் ஏறியது. வருஷம் முழுவதற்கும் அவருக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

வெள்ளைக்காரன் ஆண்ட நாளில், லண்டன் மகாராணி செத்துப்போன வருஷம், கடைத்தெருவின் ஆளாகச் சேக் முகைதீன் வந்தான்.

கீழக்கரையிலிருந்து வந்து மம்சாபுரத்தில் ஆயிஷா பீவியைக் கட்டிக்கொண்டு, மாமனாரின் சாக்குக் கடையில் உட்கார்ந்தவன். ஊருக்கே மருமகன் என்பதால் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. கடற்கரை ஊரில் தோணிகளுக்குப் பாய் தைத்தவன் என்று பேச்சு. முதல் நாள் தெப்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கட்டுகளைத் தட்டினான்.

“அண்ணாச்சி, இதுல ஒரு பாயக் கட்டுனா என்ன?” என்றான்.

“பாய் கட்டிப் படுக்கவா போறோம்?” என்றார் தவசிமுத்து. நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் கண்மாயில் அவர் சொல்லி மற்றவர்கள் சிரித்தது அதுதான் கடைசி.

நாலாம் நாள் சின்னத் தெப்பத்தின் நடுவில் ஒரு மூங்கில் நின்றது. கிழிந்த சாக்கையும் காடாத் துணியையும் ஒட்டுப் போட்டுத் தைத்த பாய் அதில் ஏறியது. வடகிழக்கேயிருந்து வந்த வாடைக்காற்று அதற்குள் புகுந்ததும், பாய் சூலிவயிறு போல உப்பியது. கழியே போடாமல் தெப்பம் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததைக் கரையில் நின்ற பிள்ளைகள் கத்திக்கொண்டே பார்த்தார்கள். தவசிமுத்துவும் பார்த்தார். அவருக்கு வாய் கசந்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு போட்டுக்கொண்டார். அதுவும் கசந்தது.

அன்றிலிருந்து அவருடைய நாட்கள் கெட்டன. ஆட்கள் கரையில் நிற்பார்கள், அவருடைய தெப்பம் தயாராக இருக்கும், ஆனால் ஏறமாட்டார்கள்.

“ஏறு தாயி, கெளம்பப் போறேன்” என்றார் ஒரு நாள், கோழிக்கூடையோடு நின்ற ஆலடிக்குடிப் பெண்ணிடம்.

“நீங்க போங்க அண்ணாச்சி. நான் செத்த நேரம் இருந்து பாயிலயே வாரேன்.”

“அது திரும்பி வர நேரமாகும்.”

“ஆவட்டும். ஒங்க கழியில போனா மேலெல்லாம் சொட்டுது.”

அந்த நடையில் ஒரு வெள்ளாட்டையும், தூங்கிக்கொண்டிருந்த ஒரு வண்ணாரையும் ஏற்றிக்கொண்டு அவர் அக்கரை போனார். வண்ணார் விழித்துப் பார்த்து, “இது பாய்த் தெப்பம் இல்லியா?” என்று கேட்டார்.

வீட்டிலும் அதே பேச்சு. “கொக்கு எறங்குற மாதிரில்ல வருது அந்தப் பாயி” என்றாள் அவர் மனைவி முத்தாத்தாள், கஞ்சியை ஊற்றிக்கொண்டே.

“வரும்போது?”

“வரும்போது என்ன?”

“போறப்ப காத்து தள்ளுது, சரி. வரும்போது எதிர்க்காத்துல பாயச் சுருட்டி வச்சிட்டு, அதுல கூடப் போற சோலைச்சாமி நாக்குத் தள்ளக் கழி போடுதான். அத ஏன் ஒரு ஆளும் பாக்க மாட்டேங்கீக? வரும்போது அது என்ன கொக்கு?”

முத்தாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒங்களுக்கு வவுறு எரியுது. மோரக் குடிங்க.”

அவர் மோரைக் குடிக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய எரிச்சல் ஒன்று உண்டு. ஒவ்வொரு நடைக்கும் முன்னால், பத்துப் பேர் நிற்கும்போது, முகைதீன் அவரைப் பார்த்து உரக்கக் கேட்பான்: “காத்து எப்படி அண்ணாச்சி?” கடல் காற்றுக்குப் பாய் தைத்தவனுக்குக் குளத்துக் காற்று தெரியாதா? தன்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, ‘ஒனக்கு நல்ல காத்து’ என்று தன் வாயாலேயே சொல்ல வைக்கிறான் என்று தவசிமுத்து நினைத்தார். அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “கெழக்க இருந்து வருது” என்றோ, “கொஞ்சம் வடக்க சாயுது” என்றோ முனகுவார். கேட்டதற்குச் சரியான பதில்தான் சொன்னார். அது வரைக்கும்.

காளி பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது நாட்டாமை பால்ச்சாமி கரைக்கு வந்தார்.

“இந்த வருசம் பானையெல்லாம் பாயில போகட்டும். பெரிய தெப்பத்துக்கு மாத்திக் கட்டிருவோம். ஆலடிக்குடிக்காரன் வாயப் பொளக்கணும்” என்றார். பிறகு தவசிமுத்துவின் பக்கம் திரும்பினார். “ஏலே தவசி, நீ முன்கழி போடு. மாப்ள பின்னால நிக்கட்டும்.”

“சரி” என்றார் தவசிமுத்து.

 நாலு நாளும் அந்தச் சரியையே அசைபோட்டார். முன்கழி போடுபவன் தலையில் யாரும் துண்டு கட்டுவதில்லை. தனக்கு வரவேண்டிய துண்டு முகைதீனின் தொப்பிக்கு மேல் எப்படி உட்காரும் என்று நினைத்துப் பார்த்தார். நன்றாகவே உட்காரும் என்று தோன்றியது. அதுதான் தாங்கமுடியவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் பெரிய தெப்பத்தில் புது மூங்கிலை நட்டார்கள். நாளைக்கு ஆட்டம் காணாமல் நிற்குமா என்று பார்க்க, தெப்பத்தைக் கரையிலிருந்த பனங்கட்டையில் கயிற்றால் கட்டி வைத்துக்கொண்டே பாயை ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது என்று ஏற்பாடு. கயிறு இருக்கிறதே என்று முகைதீன் தனியாக ஏறினான். கரையில் பெண்கள் பானைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

தவசிமுத்து தண்ணீரோரம் உட்கார்ந்து காதை நனைத்தார்.

கிழக்கே பார்த்த காது சில்லிடவில்லை. வாடை செத்துப்போயிருந்தது. அவர் மலையைப் பார்த்தார். உச்சியில் இருந்த மேகம் இடுக்கு வழியாகக் கீழே வழிந்துகொண்டிருந்தது. அது எப்போதாவது ஒரு தடவை வருகிற காற்று. வாடை நின்று கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வடமேற்கிலிருந்து ஒரே மூச்சில் இறங்கும், வந்த வேகத்தில் போய்விடும். கழி போடுபவன் அந்த நேரத்தில் தெப்பத்தை விட்டு இறங்கி நின்றுகொள்வான்.

“காத்து எப்படி அண்ணாச்சி?” என்று தெப்பத்திலிருந்து குரல் வந்தது.

பாய் கிழியட்டும் என்று நினைத்தார். அவ்வளவுதான் நினைத்தார். எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் அந்த ஒட்டுப்போட்ட சாக்கு நார்நாராகத் தொங்கட்டும், நனைந்த கோழி மாதிரி அவன் நீந்திக் கரையேறட்டும், பெண்கள் சிரிக்கட்டும்.

“நல்லாத்தான் இருக்கு. ஏத்து” என்றார்.

பாய் பாதி ஏறியபோதே காற்று வந்துவிட்டது. பாய் எதிர்ப்பக்கமாக அறைந்து திரும்பியது. கயிறு ஒரு முறை முறுக்கிக்கொண்டு அறுந்தது. தெப்பம் கரையோரமாகவே தெற்கே வழுக்கிக்கொண்டு போனது, தண்ணீர் வழிகிற கலுங்கைப் பார்த்து. மேல்பாதி மூங்கில் ஒடிந்து விழ, மிச்ச மூங்கிலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு முகைதீன் நின்றான். கரைக்கும் தெப்பத்துக்கும் ஒரு வண்டி நீளம்தான் இடைவெளி.

கரை மேல் எல்லோரும் ஓடினார்கள்.

“மாப்ள, குதிச்சிரும்” என்று கத்தினான் சோலைச்சாமி. “மூணு கை வீச்சுல கரை.”

“சாக்கு போனாப் போகுது மாப்ள, விட்டுட்டுக் குதியும்” என்றார் நாட்டாமை.

அவன் விடவில்லை. கன்னத்தை மூங்கிலோடு அழுத்திக்கொண்டு, பாதிப் பாயைத் தோளில் சுமந்துகொண்டு நின்றான். பெண்களில் யாரோ சிரித்தார்கள். “பெண்டாட்டியக் கூட இப்பிடிப் பிடிச்சிருக்க மாட்டாக.”

தவசிமுத்து சின்னத் தெப்பத்தில் தாவி ஏறினார். அவர் போட்ட கழியை அன்றைக்கு யாரும் குறை சொல்லமுடியாது. கலுங்குக் கல்லில் கழியை ஊன்றி, இரண்டு தெப்பத்துக்கும் நடுவில் தன் உடம்பைக் கொடுத்து நிறுத்தினார். கல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பாறையில் விழுந்து வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. காற்று நின்றுவிட்டது.

“விடும்வே” என்றார்.

முகைதீன் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. சாக்குத் துணி அவன் நகத்துக்குள் ஏறியிருந்தது. அதைப் பார்த்தபோது தவசிமுத்துவுக்குப் பயமும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. தன் கழி மேல் தனக்கு இப்படி ஒரு ஆசை இருந்ததில்லையே என்றுதான் தோன்றியது. உயிர் போகிற இடத்திலும் பாயை விடாத மனுஷன். அதற்கும் அவர் பொறாமைப்பட்டார்.

மறுநாள் பானைகள் கழியில்தான் போயின. பின்கழி தவசிமுத்துவுக்கு வந்தது. நாட்டாமை கோடித் துண்டைக் கட்டிவிட்டார். ஆனால் துண்டைப் பார்க்க யாருக்கும் கண் இல்லை. தெப்பத்தில் இருந்த பெண்கள், அக்கரையில் காத்திருந்த ஆலடிக்குடிக்காரர்கள், எல்லோருக்கும் ஒரே கதைதான்: கலுங்கு வரைக்கும் போயும் மாப்பிள்ளை பாயை விடவில்லை. முத்தாத்தாளே பொங்கல் கிண்டிக்கொண்டு நாலு பேருக்கு அதைச் சொன்னாள். காப்பாற்றியது யார் என்ற இடத்தில், “இவுகதான் போய் இழுத்துட்டு வந்தாக” என்று ஒரு வார்த்தையில் முடித்தாள்.

முகைதீன் அடுத்த வாரமே சின்னத் தெப்பத்துக்கு வந்துவிட்டான். பாயைக் குட்டையாக வெட்டித் தைத்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. “காத்து எப்படி அண்ணாச்சி?” என்று கேட்டான். அதற்கப்புறம் தவசிமுத்து காற்றைப் பற்றிப் பொய் சொன்னதில்லை. கேட்டவுடனே பதில் சொன்னதுமில்லை. அவனை இன்னொரு தடவை கேட்க வைத்துவிட்டுத்தான் சொல்வார்.

அப்படியே ஆறேழு மழைக்காலம் போனது. தை வந்ததும் ஒருவர் வண்டிக்கும் ஒருவர் கடைக்கும் போனார்கள். வெயில் காலத்தில் தெருவில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைத்துக்கொள்வார்கள். ஒரு சித்திரையில், கண்மாய் வெடித்துக் கிடந்தபோது, முகைதீன் காய்ச்சலில் விழுந்து எழுந்திருக்கவில்லை.

விருதுபட்டியிலிருந்து வந்ததும் தவசிமுத்து துக்கம் கேட்கப் போனார். ஆயிஷா பீவியின் தம்பி அபுபக்கர் சாக்குக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தான். இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக வாயில் வராத ஒன்றைக் கடைசியில் சொன்னார்.

“ஒங்க மச்சான் மாதிரி பாய் மேல உசிர வச்ச ஆள நான் பாத்ததில்ல. அன்னிக்கு மூங்கில விட்டுட்டுக் குதிச்சிருந்தா மூணு வீச்சுல கரை. மனுசன் பாய விடலியே.”

அபுபக்கர் அவரை விளங்காமல் பார்த்தான்.

“எங்கிட்டு குதிக்க? மச்சானுக்குத்தான் நீச்சே தெரியாதே அண்ணாச்சி. அவிய கீழக்கரையில கொட்டாயில உக்காந்து பாய் தைச்சவிய, அம்புட்டுத்தான். கடல்ல கால வச்சதில்ல, காத்துப் பாக்கவும் தெரியாது. தெப்பத்துக்குப் போற நாளெல்லாம் எங்கக்கா அழுகும். நீச்சுத் தெரியாதுன்னா தெப்பத்துல சேக்க மாட்டாக, வெளிய மூச்சு விடாதீகன்னு மச்சான்தான் எங்க எல்லாத்து வாயையும் அடைச்சுட்டாக.”