அறுத்துவிட்டு முடிச்சுப் போட்டவன்

அன்றைக்கு மீன் ஏலக் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள். என் நைனா. நைனாவுக்கு அண்ணன், எனக்குப் பெரியப்பா. இருவருக்கும் நடுவில் பிறந்த அத்தை, கையில் வலை தைக்கும் ஊசியோடு. ஏரியின் இரண்டு கரையிலும் நண்டு வாங்கும் பழவேற்காட்டு பாய். கடலோரக் காவலில் இருந்து வந்த அதிகாரி ஒருவர். எங்கள் குப்பத்தில் படகு வைத்திருக்கும் ஆண்கள் எல்லோரும். அப்புறம் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வராதவர் ஒருவர் உண்டு. அக்கரைக்காரர். கடைசியில் பேச்செல்லாம் அவரைப் பற்றித்தான் ஆனது.

அதிகாரி வந்தது வேறு விஷயத்துக்கு. கடல் வழியாகத் தீவிரவாதிகள் வரலாம், உஷாராக இருக்க வேண்டும் என்றார். புதுப் படகோ புது ஆளோ கண்ணில் பட்டால் உடனே போன் செய்யச் சொன்னார். நம்பர் போட்ட அட்டையை ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஏதாவது கேட்க வேண்டுமானால் கேளுங்கள் என்றார். ஆண்கள் யாரும் கேட்கவில்லை. அத்தை கேட்டாள்.

"அவனுங்க ஏன் சார் வரானுங்க?"

"அது டெல்லியில பாத்துப்பாங்கம்மா. வந்தா நீங்க சொன்னா போதும்."

"வந்தப்புறம் சொல்லி இன்னா சார் பண்றது? ஏன் வரான்னு தெரிஞ்சா, வராம பண்ணலாம்ல?"

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாமே, தீவிரவாதிய ஒக்கார வச்சு டீ குடுத்து விசாரிக்கப் போறியா?"

கொட்டகையே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். எல்லோரும் சிரித்ததால் நானும் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டாள்.

அதிகாரி டீ குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை. எங்களுக்கு எங்கள் விஷயம் இருந்தது.

முகத்துவாரத்துக்குப் போகும் ஓடையில் முறை வைத்துத்தான் வலை கட்டுவோம். யாருக்கு எந்த நாள் என்று சீட்டுப் போட்டு முடிவாகும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அந்த வருஷம் எங்கள் பாட்டுக்கு நைனாதான் பொறுப்பு. கழி நட்டு ஓடைக்குக் குறுக்கே வலை கட்டியிருந்தோம். அந்த வலை அறுபட்டது. வேறு வலை கட்டினோம். அதுவும் அறுபட்டது. இப்படி ஆறு தடவை. விடிவதற்கு முன்னால் ஆள் வந்து அறுத்துவிட்டுப் போயிருப்பான். யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அக்கரையில் சேற்றைக் கையால் தடவி நண்டு பிடிக்கும் ஆள் ஒருவர். அவருடைய படகை ஓடைப் பக்கம் இரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.

"டெல்லிக்காரங்க அவங்க தீவிரவாதியப் பாத்துக்கட்டும். நம்ம தீவிரவாதி இவன்தான்," என்றார் பெரியப்பா. "அக்கரையில நிக்கிற படகுங்களக் கொளுத்தினா தன்னால அடங்குவானுங்க."

அவன் படகை மட்டும் என்று யாரோ சொன்னார்கள். எது அவன் படகு என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது, எல்லாவற்றையும் கொளுத்தினால்தான் பயம் இருக்கும் என்று வேறு யாரோ சொன்னார்கள். அதுதான் முடிவானது. மறுநாள் மதியம் கிளம்புவது. முதல் படகில் நைனா.

அத்தை ஊசியைக் கீழே வைத்தாள். "அவன் ஏன் அறுத்தான்?"

"ஏனா? கொழுப்பு," என்றார் பெரியப்பா.

"அறுந்த வலையெல்லாம் எங்கிட்டதான் தைக்க வந்து குவிஞ்சு கீது. ஆறையும் பாத்துட்டேன். எல்லாத்துலயும் ஒரே எடத்துலதான் அறுத்துகீறான். ஒரு படகு போற அகலம். அதுக்கு மேல ஒரு கண்ணி அறுக்கல. மீன எடுக்கல. அறுத்த ரெண்டு முனையையும் இழுத்து கழியில முடிச்சுப் போட்டுட்டுப் போயிகீறான், வலை தண்ணியோட பூடக் கூடாதுன்னு. அழிக்க வந்தவன் முடிச்சு போடுவானாண்ணா?"

பாய் தொண்டையைச் செருமினார்.

"அவங்க நண்டு ஒரு மாசமா செத்துதான் வருது. நண்டு ஏத்தினு போற வண்டிய ஏழு மணிக்கு எடுத்துடுறாங்க. அவங்க வந்து சேர ஒம்பது ஆவுது. உசுரோட இருந்தாதான் நண்டு. செத்தத வச்சு நான் இன்னா பண்ண? திருப்பி அனுப்பிடுறேன்."

அப்போதுதான் எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். முன்பெல்லாம் ஓடை வலையில் ஒரு படகு போகும் அளவுக்கு வழி விட்டுக் கட்டுவது வழக்கம். அந்த வருஷம் நைனா அதை அடைத்துவிட்டார். இறால் அந்த வழியாகத் தப்பிப் போகிறது என்றார். வழி அடைபட்டதால் அக்கரைக்காரர்கள் மணல்திட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. தண்ணீர் வற்றும் நேரமானால் சேற்றில் இறங்கிப் படகைத் தள்ள வேண்டும். நண்டு வழியிலேயே செத்துவிடும்.

"அவனுக்கு வாய் இல்லையா?" என்றார் நைனா. "வந்து கேட்டிருக்கலாம்ல. ஒரு வார்த்த கேட்டிருந்தா வழி வுட்டிருப்பேன். எவனும் வந்து கேக்கல."

ஆண்கள் தலையை ஆட்டினார்கள். கேட்காமல் அறுத்தவனை என்ன செய்தாலும் தகும் என்று பேச்சு வந்தது. நியாயம் மறுபடி எங்கள் பக்கம் வந்துவிட்டதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

"நான் போய் கேட்டுட்டு வரேன்," என்றாள் அத்தை. "நான் வர வரைக்கும் படக எடுக்காதீங்க."

"மத்தியானம் வரைக்கும்தான்," என்றார் பெரியப்பா.

மறுநாள் காலையில் பாயின் படகில் அக்கரைக்குப் போனாள். வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்தாள். அதற்குள் கரையில் சிலரும் படகில் சிலருமாக எல்லோரும் தயாராக நின்றார்கள். மண்ணெண்ணெய் கேன் நைனாவின் காலடியில் இருந்தது. அத்தை முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து நேராக நைனாவிடம் வந்தாள்.

"அவன்தான் அறுத்தான். ஒத்துக்கினான். ஆனா வந்து கேட்டானாம். உன் வூட்டுக்கே வந்து கேட்டானாம்."

"பொய்," என்றார் நைனா. அப்புறம், "ஒரு தபா வந்திருப்பான் யக்கா. வந்தவன் நின்னு பேசிட்டுப் போவணும்ல," என்றார்.

படகில் ஏறியிருந்தவர்கள் இறங்கவில்லை. அக்கரைக்காரர் சொன்னது பொய்யானால் கிளம்பிவிடுவார்கள். அது எனக்கே தெரிந்தது. அத்தை நைனாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கர மாமா உங்க வூட்டுக்கு வந்தாரா கண்ணு?"

"வந்தாரு அத்தை."

"எத்தினி தபா?"

எத்தனை தடவை என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் என்னிடம் சோழிகள் இருந்தன.

அவர் வருவது எனக்குப் பிடிக்கும். முதல் நாள் வந்தபோது இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சோழியை எடுத்துக் கொடுத்தார். பல்லாங்குழி ஆட இன்னும் வேண்டும் என்றேன். அதற்கப்புறம் வரும்போதெல்லாம் ஒன்று கொண்டுவந்தார். ஒரு தடவைகூட மறந்ததில்லை. "பாப்பா, நைனா இருக்காரா?" என்பார். நைனா உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். இல்லை என்று சொல்லும்படி கையை ஆட்டிக் காட்டுவார். நான் வாசலுக்கு வந்து, "நைனா இல்ல மாமா" என்பேன். பெரியவர்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னால் அது பொய்யில்லை என்று நினைத்திருந்தேன். நைனாவின் துடுப்பு ஈரம் காயாமல் சுவரில் சாய்ந்திருக்கும். அவர் அதைப் பார்ப்பார். அப்புறம் என்னைப் பார்த்து, "சரே பாப்பா" என்பார். திரும்பிப் போவார். வலை அறுபடத் தொடங்கிய பிறகு அவர் வருவது நின்றுவிட்டது.

வீட்டுக்கு ஓடிப்போய் சோழி டப்பாவை எடுத்துவந்தேன்.

அதற்கு அப்புறம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். படகுகள் போகவில்லை. அன்று சாயங்காலமே நைனா ஓடையில் இறங்கி, தன் கையாலேயே கழியைப் பிடுங்கி வழி விட்டார். யாரும் அவரை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அக்கரைக்காரரையும் சும்மா விடவில்லை. அறுத்தது தப்புதான். ஊர் முன்னால் நின்று அதை ஒப்புக்கொண்டார். ஆறு வலையையும் அவரே வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். பெரியப்பா பக்கத்தில் நின்று, "முடிச்சு நல்லாத்தான் போடற. தையல்தான் கோணலா வருது" என்று நாள் முழுக்க வம்பிழுத்தார். அதற்குப் பிறகு வலை அறுபடவில்லை. இன்றுவரை இல்லை.

அடுத்த மாசம் அதே அதிகாரி வந்தார். வலையை யாரோ அறுப்பதாகக் கேள்விப்பட்டேனே என்றார். நின்றுவிட்டது என்றாள் அத்தை. எப்படி நின்றது என்றார்.

"ஏன்னு கேட்டோம் சார்."

இப்போது நானும் நண்டு வாங்கி விற்கிறேன். வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் டீக்கடை டிவியில் பெரிய மனிதர்கள் பேசுவதைக் கேட்கிறேன். குண்டு வைத்தவனைப் பற்றி, அவன் வந்த நாட்டைப் பற்றி, அந்த நாட்டோடு நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி. நடுவில் ஒருவர், இவனுக்கு ஏன் இந்தப் புத்தி வந்தது என்று பார்க்க வேண்டும் என்பார். உடனே மற்ற எல்லோரும், நீ அவனுக்குப் பரிந்து பேசுகிறாய் என்று பாய்வார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வலை அறுப்பதும் ஆளைக் கொல்வதும் ஒன்றல்ல என்று தெரியும். கொன்றவனைப் பிடிக்க வேண்டும், தண்டிக்க வேண்டும். அதில் பேச்சே இல்லை. ஆனால் அவன் ஏன் வந்தான், அவனை அனுப்பியவனுக்கு இத்தனை ஆள் எங்கே கிடைக்கிறது என்று கேட்காமல் எந்த நாட்டோடும் எதையும் முடிவு செய்யக் கூடாது. சிலரிடம் காரணம் ஒன்றும் இருக்காது, வெறும் கெட்ட புத்தியாக இருக்கும். அதுவும் கேட்டால்தான் தெரியும். கேட்பது மன்னிப்பது ஆகாது. அத்தை கேட்டாள். வலையையும் தைக்க வைத்தாள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. அத்தை டப்பாவை வாங்கி மணலில் கொட்டினாள். படகில் நின்றவர்கள் இறங்கி வந்து சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். என் சோழிகளை இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பெருமை. நைனா மட்டும் பார்க்கவில்லை. ஆட இன்னும் சோழி வேண்டும், மாமா ஏன் இப்போது வருவதில்லை என்று கேட்டேன். ஒவ்வொரு சோழிக்கும் ஒரு தடவை அந்த மனிதர் ஏரியைக் கடந்து வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அத்தை அவற்றை வரிசையாக வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

பதினொன்று.