ஒரு மொழி குறைந்த டப்பா

ரைலி பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு அவித்தே பாதி ஆயுளைக் கழித்தவள். பிள்ளைகள் இல்லாமல் பள்ளியை மூடியபோது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதில் யார் வேலை தருவார்கள்? அக்கம்பக்கத்துக்குச் சும்மா காய்ச்சிக் கொடுத்துவந்த களிம்பையே தொழிலாக்கிக்கொண்டாள். அந்த ஊர் வழக்கப்படி குழந்தைகளை வண்டியில் வைத்து வெளியே பனிக்காற்றில் தூங்கப் போடும்முன் கன்னத்தில் பூசுவது ஒன்று. பனிச்சறுக்குக்காரர்களின் கால்வலிக்கு, மெந்தால் கலந்தது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே வெள்ளை டப்பா, ஒரே ஊசியிலை மரப் படம்.

சட்டம் லேசில் விடவில்லை. பாதுகாப்பு அறிக்கை எழுதிய நகரத்து நிபுணர், மெந்தால் களிம்புக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பூசக் கூடாது, மூச்சுத் திணறும். அதுவும் நாட்டின் ஆட்சிமொழிகளான பின்னிஷ், ஸ்வீடிஷ் இரண்டிலும் இருக்க வேண்டும்.

"ஆட்டுக்கொழுப்பைக் கிண்டறதுக்கு வக்கீல் வேற வைக்கணும் போல," என்று கணவன் ரெய்யோ கிண்டலடித்தான்.

லேபிளில் இடம் போதவில்லை. எழுத்தைச் சுருக்கினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. ரைலி ஸ்வீடிஷ் வரியை எடுத்துவிட்டாள். இது பனிச்சறுக்குச் சங்கத்துக்கு மட்டும்தானே போகிறது, அங்கே எல்லாரும் பின்னிஷ்காரர்கள், அடுத்த முறை பெரிய லேபிளாக அடித்துக்கொள்ளலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. சாலை முனையில், குழந்தைக் களிம்பு விற்க அவள் வைத்த மரப்பெட்டி இருந்தது. வேண்டியவர்கள் காசைப் போட்டுவிட்டு டப்பாவை எடுத்துப்போவார்கள், காவலுக்கு ஆள் கிடையாது. பெட்டியைத் திறந்தவள், உள்ளே கிடந்த ஒரே டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். மெந்தால். வீட்டுக்கு ஓடி ரெய்யோவைக் கேட்டாள்.

"பனிக்களிம்பு தீந்துபோச்சு. சங்கத்துக்குன்னு வச்சிருந்த அட்டைப்பெட்டில இருந்து ரெண்டு எடுத்து வச்சேன். எல்லாம் ஒரே மரம்தானே?"

ஒன்று போய்விட்டது. திரும்ப ஓடிவந்து பார்த்தால், பெட்டியடியில் புதுப்பனியில் குழந்தைவண்டிச் சக்கரத்தின் தடம் பதிந்திருந்தது.

தொப்பிகூடப் போடாமல் தடத்தின் பின்னாலேயே ஓடினாள். அது மஞ்சள் வீட்டில் போய் முடிந்தது. நார்பெஸ் ஊர்ப் பக்கத்திலிருந்து புதிதாகக் குடிவந்த மிக்கேலாவின் வீடு. அந்தப் பெண்ணுக்கு ஸ்வீடிஷ்தான் மொழி. பின்னிஷில் கடைப் பேச்சுக்கு மேல் தெரியாது. வண்டி வாசலில் நின்றது. குனிந்ததுமே மெந்தால் வாடை மூக்கில் ஏறியது. குழந்தையின் கன்னம் பளபளத்தது, மூக்கடியும்தான். மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

கதவைக் கையால் குத்தினாள். தனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்வீடிஷில் எதையோ கத்தினாள். மிக்கேலா ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். ரைலி தன் கம்பளிக் கழுத்துத்துணியால் அந்த முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மிக்கேலா போட்ட போனில் ஆம்புலன்ஸ்காரர்கள் பிள்ளையை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள். குழந்தை அழவில்லை. அழேன், அழேன் என்று ரைலி வாய்க்குள் கெஞ்சினாள். ஒருவழியாகப் பிள்ளை இருமி, வீறிட்டு அழுதது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஏறும் முன் மிக்கேலா டப்பாவைக் கொண்டுவந்து ரைலியின் கையில் வைத்து, அவளுக்குப் புரியும்படி ஸ்வீடிஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"வாசனை நல்லா இருந்துச்சு. மூக்கடைப்பும் விட்டுரும்னு நெனச்சேன். எங்களுக்குன்னு இதுல ஒரு வரிகூட இல்லையே, ரைலி."

ரைலி டப்பாவைத் திருப்பி, தான் எடுத்துவிட்ட வரி இருந்திருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தாள்.

"நீங்களே அரசாங்க ஆபீசுக்குச் சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சங்கத்துக்குப் போனதெல்லாம் திரும்ப வரும், சந்தையில் கடை போடும் இடம் போகும், இனி அவள் பெயர் போட்ட எதையும் எந்தத் தாயும் தொடமாட்டாள். பிள்ளைக்கு ராத்திரி என்ன ஆகுமோ, அது யாருக்கும் தெரியாது.

சாலை முனை மரப்பெட்டியருகே நின்று, விறைத்த விரலால் ஆபீஸ் எண்ணை அழுத்தினாள். விடுமுறை, திங்கள்கிழமை அழைக்கவும் என்று பதிவுசெய்த குரல் பின்னிஷில் சொன்னது. பிறகு அதையே, ஒரு வார்த்தை குறையாமல், ஸ்வீடிஷிலும் சொன்னது. ரைலி கடைசிவரை கேட்டாள். போனை வைத்துவிட்டு, யாராவது எடுப்பார்களோ என்று மறுபடி அதே எண்ணை அழுத்தினாள்.