பதினேழாம் எண் கடிகாரம்

இவானோவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "பணம் எங்கே மிஞ்சுது?" என்பான். இத்தாலியில் எங்கள் ஊரான மோதெனாவில் தரை ஓடு விற்றுச் சம்பாதித்ததையெல்லாம் கைக்கடிகாரங்களில் கொட்டினான். எல்லோருக்கும் கிடைக்கிற கடிகாரத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். உலகத்துக்கே ஐம்பது, நூறு என்று எண் பொறித்துச் செய்வார்களே, அதுதான் வேண்டும். வாங்கியதைக் கட்டவும் மாட்டான். முதுகில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் காப்பிக்கடையில் கூடும் கடிகாரப் பைத்தியங்கள் எல்லோரும் இந்த ரகம்தான், அவனுடைய பள்ளித் தோழன் எர்மெஸைத் தவிர. டயர் கடைக்காரனான எர்மெஸ், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் மறுநாளே கட்டிக்கொண்டு கிரீஸ் கையோடு வந்து நிற்பான்.

"டேய், அது கடிகாரமா, உன் கடை ஸ்பானரா?" என்று இவானோ தலையில் அடித்துக்கொள்வான்.

"நீ பெட்டிக்குக் கட்டு. நான் கையில கட்டிக்கறேன்."

போன வருடம் மிலான் வியாபாரி ஒருவர் இருவருக்கும் ஒரே ரகத்தில் ஆளுக்கொன்று ஒதுக்கினார். மொத்தமே ஐம்பதுதான் செய்திருந்தார்கள். எந்த எண் யாருக்கு என்று குலுக்கிப் போட்டு, பெட்டிமேல் பெயரும் ஒட்டிவைத்திருந்தார். இவானோ ரயிலில் போய் இரண்டையும் வாங்கிவந்தான். என் கடையில் வைத்து எர்மெஸின் பெட்டியைத் திறந்தால் பதினேழு.

எங்கள் நாட்டில் பதினேழு கெட்ட எண். பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தால் நானே கடையில் புது மூட்டை பிரிப்பதில்லை. கேட்டமாத்திரத்தில் எல்லோரும் மேசையின் இரும்புக் காலைத் தொட்டுக்கொண்டோம். தொட்டால் கெட்டது அண்டாது. எர்மெஸ் மட்டும் சிரித்தான்.

"பஞ்சர் ஒட்டறவனுக்கு நல்ல நேரம் என்னடா, கெட்ட நேரம் என்ன?"

இந்த வசந்தத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு இவானோவுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. நண்பன்மேல் இவ்வளவு பாசமா என்று நாங்கள் வியந்தோம். எர்மெஸ் கைத்தடியோடு என் கடைக்கு வந்த முதல் ஞாயிறன்றுதான் விஷயம் வெளியே வந்தது. இவானோ தன்னுடைய இருபத்துமூன்றாம் எண்ணை மேசைமேல் வைத்தான்.

"இதுதான்டா உன்னோடது. பதினேழு எனக்கு விழுந்தது. ரயில்ல பேர்ச்சீட்டை மாத்தி ஒட்டிட்டேன். திருப்பிக் குடுத்துடு."

எர்மெஸ் வலது கையாலும் பல்லாலும் வாரை இழுத்து, செத்துக் கிடந்த இடது மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினான்.

"சரி, கையை நீட்டு."

இவானோ நீட்டினான். வார் தோலில் பட்டதுதான் தாமதம், கை வெடுக்கென்று விலகிப் போய் மேசையின் இரும்புக் காலைப் பற்றிக்கொண்டது. வேண்டுமென்று செய்யவில்லை. செய்ததைப் பார்த்து அவனே அழுதுவிட்டான்.

எர்மெஸுக்குச் சிரிப்பா இருமலா தெரியவில்லை, கண்ணில் நீர் வரும்வரை குலுங்கினான்.

"விடுடா. இருபத்துமூணை நீயே பூட்டி வச்சுக்க. பதினேழை எனக்குக் கட்டிவிடு. ஒத்தக் கையால முடியல. சாவியும் குடு, நின்னுபோச்சு."

எனக்கு இவானோவை அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் 'நான் கட்டிவிடுகிறேன்' என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை, அங்கிருந்த யார் வாயிலிருந்தும்தான்.

இப்போது தினமும் காலையில் இருவரும் என் கடைக்கு வருகிறார்கள். இவானோ பதினேழுக்குச் சாவி கொடுத்து, எர்மெஸின் மணிக்கட்டில் கட்டுகிறான். அவன் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு நாளும் அதையே கேட்கிறான்.

"இறுக்கமா இருக்காடா?"

"அந்தக் கைக்கு எதுவும் தெரியலடா," என்கிறான் எர்மெஸ்.