ஒரு பாட்டுக்கு வாயசைத்த பெண்

ஒரு பாடகியின் பேரை நான் கெடுத்தேன். தெரிந்தே, நிதானமாகப் பொய் சொல்லிக் கெடுத்தேன். இனி எழுதுவது அதற்கு விளக்கம், சாக்கு அல்ல.

தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஒரு மெல்லிசைக் குழுவில் அறிவிப்பாளராகச் சேர்ந்தேன். ஆடியில் கூழ் ஊற்றும் விழா, ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலைகள், கல்யாண வரவேற்பு என்று ஒரகடம் வரை மேடை ஏறினோம். அறிவிப்பதோடு எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. பின்னணி இசை பதிந்த லேப்டாப் என் பக்கத்தில்தான் இருக்கும். பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு டிராக்கை ஓடவிடுவதும் நான்தான்.

அந்தப் பெண் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. பென்னலூரில் நான்கு பேரோடு ஒரு வாடகை அறை, கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் லைன் வேலை, விடுமுறை நாளில் எங்களோடு பாட்டு. எங்கள் குழுவில் டிராக்கின் துணையில்லாமல் பாடக்கூடிய குரல் அவளுடையது ஒன்றுதான்.

ஓர் ஆடி விழாவுக்கு ஷிப்ட் முடிந்து நேராக வந்தாள். தொண்டை கட்டியிருந்தது. ஒரே ஒரு பாட்டை விட்டுவிடலாமா என்று குழுவை நடத்துபவரிடம் கேட்டாள்.

"அந்தப் பாட்டுக்காகத்தாம்மா நம்மள புக் பண்ணதே. ரிகர்சல்ல ரெக்கார்ட் பண்ண உன் வாய்ஸே கீது. நீ வாயசைச்சினு நில்லு. சார் பாத்துப்பாரு."

சார் என்றால் நான். டிராக்கை ஓடவிட்டேன். சரணத்தின் நடுவே லேப்டாப் சிக்கிக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் துப்பியது. அவள் இருமிக்கொண்டிருந்தாள், அவள் குரலோ ஸ்பீக்கரில் அதே சொல்லைப் பாடிக்கொண்டிருந்தது.

கூட்டம் ஊளையிட்டது. விழாக் குழுத் தலைவர் மேடைக்குப் பின்னால் வந்தார். "இன்னா சார், டேப் போட்டு ஏமாத்தினுகீறீங்களா?"

குழுவை நடத்துபவர் என்னைக் கைகாட்டினார். "சாரையே கேளுங்க. படிச்சவரு, பொய் சொல்லமாட்டாரு."

உண்மையைச் சொன்னால் அறிவிப்பாளர் மைக் இனி எனக்கு இல்லை என்பது தெரியும். "அந்தப் பொண்ணுக்கு நேரா பாட வராதுங்க. டிராக் இல்லாம மேடை ஏறமாட்டேன்னு அடம்பிடிக்கும்" என்றேன். மூன்றடி தள்ளி நின்ற அவள், "சார்" என்று மட்டும் சொன்னாள்.

இந்த வட்டாரத்தில் ஒரு விழாக் குழு இன்னொரு விழாக் குழுவிடம் போனில் விசாரித்துத்தான் பாடுபவர்களை அழைக்கும். என் வாக்கு ஊர் ஊராகப் போயிற்று. கூட்டத்தில் யாரோ போனில் எடுத்த வீடியோ அதற்கு முன்பே போயிருந்தது. தொழிற்சாலை லைனில் பக்கத்தில் நின்றவர்களே, "டேப்பு, நீ சும்மா கைய அசை, மிஷின் தானா ஓடும்" என்று சிரித்தார்களாம். அவளை எந்த மேடைக்கும் யாரும் கூப்பிடவில்லை.

எனக்கு இன்றும் ஆறாத ஆத்திரம் இது: எங்கள் ஆண் பாடகர் உச்சத்தில் ஏறும் இடமெல்லாம் பல வருடங்களாக டிராக்தான். தாளம் முக்கால்வாசி லேப்டாப்பிலிருந்து வந்தது. டிரம்ஸ்காரர் குச்சியை வீசிக் காட்டினார். அதற்குப் பெயர் டெக்னிக். ஒருத்தி, சொன்னதைக் கேட்டு, தன் சொந்தக் குரலுக்கே ஒரு தடவை வாயசைத்தால் அது மோசடி. இந்த அநியாயத்துக்குப் படித்தவன் என்ற முத்திரையைக் குத்திக் கொடுத்தவன் நான்.

மறு வருடம் அதே ஊர், அதே மேடை. முதல் பாட்டை அறிவிக்க வேண்டிய இடத்தில், யார் வாயசைக்கச் சொன்னார், யார் டிராக்கை ஓடவிட்டார், யார் பொய் சொன்னார் என்று சொன்னேன். பாதியில் மைக்கை அணைத்தார்கள். குழுவிலிருந்தும் அன்றே துரத்தினார்கள். அது நியாயம்.

விழாக் குழுத் தலைவர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டார். "அப்போ அது நெஜமாவே பாடுமா? ஞாயித்துக்கெழம இட்டுனு வா சார். மைக் இல்லாம எங்க முன்னாடி பாடிக் காட்டட்டும். நவராத்திரிக்குப் போட்டுடலாம்."

முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். பென்னலூருக்குப் போய்க் கெஞ்சினேன். கடைசியில் ஒப்புக்கொண்டாள்.

ஞாயிறு காலை, கோயில் பந்தலில் ஐந்தாறு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் படம்பிடிக்கத் தயாராக இருந்தார். அவள் அதைப் பார்த்தாள்.

"ஆம்பளப் பாடகரும் இப்படிப் பாடிக் காட்டித்தான் வந்தாகளா?"

"அவரு பழைய ஆளும்மா. உம்மேலதான கெட்ட பேரு கீது" என்றார் தலைவர்.

"அது நான் வாங்குன பேரு இல்ல. இந்த சார் குடுத்தது. அவரப் பாடச் சொல்லுங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சாலைக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடி, நான்தான் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேனே, ஒரு பாட்டுப் பாடினால் முடிந்துவிடுமே என்றேன்.

"ஒப்புக்கிட்டீய. அடங்கிக் கெடந்த வீடியோ மறுபடி சுத்துது. ஒங்க பேச்சயும் அதோட சேத்து ஒட்டியிருக்கானுவ." ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள். "நீங்க பொய் சொன்னப்ப யாரும் சாட்சி கேக்கல சார். உண்மைக்கு மட்டும் நான் பாடிக் காட்டணுமாக்கும்."

நவராத்திரிக்கு, என்னைத் துரத்திய அதே மெல்லிசைக் குழுவைத்தான் அழைத்தார்கள். நான் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை.