நாற்காலிக்கு அடியில் ஒரு வெளிநாட்டுச் சிலந்தி

போன வருஷம் ஆவணி மாதம், முகூர்த்த நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். உத்திரமேரூர் கடைத்தெருவில் நானும் என் கணவரும் ஷாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறோம். காவாந்தண்டலத்தில் ஒரு காதுகுத்து விசேஷத்துக்கு எங்கள் நாற்காலிகள் போயிருந்தன. அங்கே பந்தியில் உட்கார நாற்காலியை இழுத்த ஒரு அம்மாவின் விரலில் ஏதோ கடித்துவிட்டது.

திருப்பிப் பார்த்தால், அடியில் ஒரு பழுப்புச் சிலந்தி. வயிற்றில் உடுக்கை மாதிரி ஆரஞ்சு நிறக் குறி. பக்கத்தில் முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டு முட்டை உருண்டைகள். யாரோ போனில் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள், ‘வெளிநாட்டுக் கொலைகாரச் சிலந்தி, கடிபட்ட பெண் மரணம்’ என்று ஊர் ஊராகச் சுற்றியது. நாற்காலி முதுகில் பெயின்டில் எழுதிய எங்கள் கடைப் பெயரும் அந்தப் படத்தில் பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் காலையிலிருந்து போன் மேல் போன். ஒவ்வொரு விசேஷமாகக் கைவிட்டுப் போனது. என் கொழுந்தனார் துபாயில் வேலை செய்கிறார். அவர் அனுப்பும் பெட்டியில்தான் சிலந்தி வந்ததாம்! நாற்காலி முழுக்க நாங்கள் காஞ்சிபுரத்தில் வாங்கியது என்று சொன்னால் கேட்பாரில்லை.

கொஞ்ச நேரத்தில் நாலைந்து பேர் கடைக்கே வந்துவிட்டார்கள். “பாய், இந்தச் சேரையெல்லாம் கொளுத்திடுங்க. ஊருக்கே பேஜாரு” என்றார் ஒருவர். என் கணவர் ஷட்டரை இறக்கப் போனார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“ஷட்டர் எறக்கக்கூடாது. ஒரு சேரக்கூட கொளுத்த மாட்டோம்!”

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளே ஒரே கேள்விதான். அந்த அம்மா நிஜமாகவே போய்விட்டாரா? விசேஷ வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை.

சும்மா நிற்க முடியவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, நாற்காலிகளைத் தெருவில் இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து விளக்குமாற்றால் தட்டினேன். சிலவற்றில் சிலந்தி இருந்தது. மறைக்கவில்லை, எல்லோரும் பார்க்கவே நசுக்கினேன். அப்புறம் எதிர் டீக்கடை பெஞ்சையும் கவிழ்த்தேன். அதே முள் உருண்டை அங்கேயும் தொங்கியது. “இது எந்த துபாய் பெட்டியில வந்துச்சு?” என்று கேட்டேன். வந்தவர்கள் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு மொபெட் வந்து நின்றது. பின்னால் இருந்து விரலில் கட்டோடு ஒரு அம்மா இறங்கினார்.

“எவன்டா நான் செத்துட்டேன்னு சொன்னது? மாலைய எடுத்துக்கினு வூட்டுக்கு வந்துக்கினு கீறாங்க!”

கடிபட்ட அதே அம்மா! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. “ராத்திரி முச்சூடும் கை வலி உசுரு போச்சு, நெஜந்தான்” என்றார். “ஆனா டாக்டரு இன்னா சொன்னாரு தெரியுமா? சாமானோட சாமானா தொத்திக்கினு ஒலகம் பூரா பரவிட்ட பூச்சியாம் இது. கடிச்சா ஒடனே ஆஸ்பத்திரிக்கு வரணும். கடிச்சவங்க எல்லாம் செத்துட மாட்டாங்களாம்.”

சொல்லிவிட்டு எங்கள் நாற்காலி ஒன்றைத் தூக்கி, அடியில் ஒரு பார்வை பார்த்து, கடை வாசலில் நட்ட நடுவே போட்டு உட்கார்ந்தார். “பாயம்மா, ஒரு டீ சொல்லு. செத்தவ டீ குடிக்கிறத எல்லாரும் பாக்கட்டும். போட்டோ எடுக்கிறவன் இப்ப எடுடா!”

வெயில் ஏறும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு விரலைக் காட்டினார். நாற்காலியைக் கொளுத்தச் சொல்லி வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

கைவிட்டுப் போன விசேஷங்களில் சில திரும்பி வந்தன, சில வரவே இல்லை. துபாய் கதையை இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு, சொல்லட்டும். அந்த அம்மா எனக்கு உறவில்லை, அதற்கு முன் முகம்கூடத் தெரியாது. வலித்த கையோடு எனக்காக வந்து தெருவில் உட்கார்ந்தாரே, அதற்குப் பிறகு யார் மிரட்டினாலும் எனக்குக் கடையைச் சாத்தத் தோன்றியதே இல்லை.