முப்பத்தொன்றாம் நாள் கோப்பை

நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் அது முப்பத்தொன்றாம் நாள். அனுசியாவுக்கு வயது முப்பத்தொன்பது. கிளேபாங் கடற்கரை ஓட்டலில் பரிமாறத் தொடங்கிப் பன்னிரண்டு வருடம். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, ஓட்டலின் ஒயின் பொறுப்பாளர் யாரென்று முடிவாகவிருந்தது. பொறுப்பாளருக்கு இரவு ஷிப்ட் கிடையாது. மாலையில் தம்பி காந்தனை ஆஸ்பத்திரி நடைப்பயிற்சிக்கு அவளே அழைத்துப் போகலாம்.

விரதமும் அவனுக்காகத்தான். போன வருடம் மெர்லிமாவ் சந்திப்பில் அவன் மோட்டார் சைக்கிளை லாரி இடித்தது. பதினொரு நாள் கண் திறக்கவில்லை. திறந்தால் மாசி மகத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள், "அக்கா, பசிக்குது" என்றான்.

மேலாளர் ஜெயரட்ணம் புட்டியைத் திறந்தார். ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயின், நல்ல கனம். வெள்ளிக்கிழமை நாற்பது பேர் விருந்துக்கு அதனுடன் எந்தக் கறி போகவேண்டும் என்பதுதான் சோதனை. போட்டிக்கு இருவர்: அனுசியாவும், அவளைவிடப் பத்து வயது இளைய தனேஷும். மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்றில் காரம் தூக்கலான ஆட்டுக்கறிப் பெரட்டல், மற்றதில் சோம்பு போட்டு மெல்ல வேகவைத்த ஆட்டு விலா.

அனுசியா கோப்பையைச் சாய்த்து நிறம் பார்த்தாள், முகர்ந்தாள். "காஞ்ச பிளம், சுருட்டு, கிராம்பு. மரப்பீப்பாயில ரொம்ப நாள் இருந்திருக்கு சார்." கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"குடிச்சுப் பாருங்க அனுசியா."

"விரதம் சார்."

"முழுங்கவா சொன்னேன்? துப்பிருங்க லா. இந்தத் தொழில்ல எல்லாரும் துப்பத்தான் செய்றாங்க."

"சாமிகிட்டப் போயி, துப்பிட்டேன்னு சொல்லவா சார்?"

தனேஷ் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். ஆனால் கை கோப்பைக்குப் போகவில்லை. தனேஷின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீ குடி. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"தப்பாச் சொன்னா என்னக்கா செய்வீங்க?"

"தோத்துப் போவேன்."

அவன் ஒரு வாய் குடித்தான்.

"துவர்ப்பு ஈறுல பிடிக்குதா, நாக்கு நுனியிலயா?"

"ஈறுல. வெத்தலையில பாக்கு கூடிப்போன மாதிரி."

"தொண்டையில சூடு?"

"இருக்கு. இருபது எண்ணியும் போகல."

தனேஷ் தன் முடிவைச் சொன்னான்: பெரட்டல். "நம்ம ஆளுங்க தண்ணி போட்டா பெரட்டல்தானே சார்?"

"பீருக்குச் சரி தம்பி. இதுல மிளகா பட்டா சூடு ரெண்டு மடங்கா ஏறும், துவர்ப்பு கசப்பாயிரும். இதுக்குக் கொழுப்பு வேணும். விலாதான் சார், உப்பு ஒரு சிட்டிகை கூட."

ஜெயரட்ணம் பெரட்டலைத் தின்று ஒயினைக் குடித்தார். இருமி, தண்ணீருக்குக் கை நீட்டினார். பிறகு விலாவைத் தின்று குடித்தார். மறுபடியும் ஒரு துண்டு வெட்டிக்கொண்டார்.

"பொறுப்பு உங்களுக்குத்தான்" என்று பொறுப்பாளர் நியமனத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

கையெழுத்துக் கோட்டுக்கு மேல் ஒரே வரி: இந்த ஒயினை நானே சுவைத்துப் பார்த்தேன். அனுசியா அதை இரண்டு தடவை படித்தாள்.

"பதினேழு நாள் பொறுங்க சார். குடிச்சுட்டுப் போடுறேன்."

"இன்னிக்கே தலைமை ஆபீசுக்குப் போகணும். போடுங்க லா, யாரு கேக்கப் போறா?"

கடிகாரம் மூன்றே முக்காலைக் காட்டியது. மாலைப் பயிற்சிக்குக் காந்தனைப் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டிருக்கும் நேரம். அவள் பேனாவைத் தனேஷிடம் நீட்டினாள்.

"அக்கா, கறியச் சொன்னது நீங்க."

"குடிச்சது நீ."

ஜெயரட்ணம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தாளை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் கையெழுத்திட்டான்.

வெள்ளிக்கிழமை நாற்பது தட்டிலும் ஆட்டு விலா போனது, உப்பு ஒரு சிட்டிகை கூட. மேசை அட்டையில் ஒயின் பொறுப்பாளர் என்று தனேஷின் பெயர். மாசி மகத்துக்கு அனுசியா ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறாள். காந்தன் கைத்தடியோடு கூட வருகிறான். மறுநாள் அவளுக்கு வழக்கம்போல இரவு ஷிப்ட்.